வழக்கெல்லாம் மனப்பாடம், எஸ்ஸேயில் மட்டும் 6க்கு 2 ஏன்?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். என் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை கோயம்புத்தூரில் சிபிஎஸ்இ பள்ளியில் படித்தவன். இப்போது ஹைஸ்கூல் சீனியர். வரும் மே மாதம் ஏபி (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) யு.எஸ். கவர்மென்ட் அண்ட் பாலிடிக்ஸ் தேர்வு எழுதப்போகிறான். உச்ச நீதிமன்ற வழக்குகளை ஆண்டோடு ஒப்பிக்கிறான். மல்டிபிள் சாய்ஸில் நன்றாகவே வருகிறது. ஆனால் பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வின் எழுத்துப் பகுதியில் 17க்கு 6 மார்க்தான். எஸ்ஸேயில் 6க்கு 2. இத்தனைக்கும் எல்லாரையும்விட நீளமாக எழுதியிருக்கிறான். ஓரத்தில் டீச்சர் திரும்பத் திரும்ப 'விளக்கவில்லை' என்றே குறித்திருக்கிறார். இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. எனக்கு இந்தப் பாடம் தெரியாது. நான் எப்படி உதவலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகனுக்குப் பாடம் தெரிகிறது. கேள்வி என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்யும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. எட்டு வாரம் இதற்குத் தாராளம்.

முதலில் மார்க் கணக்கைப் பார்த்துவிடுங்கள். மல்டிபிள் சாய்ஸ் 55 கேள்வி, 80 நிமிடம், மொத்த மதிப்பில் பாதி. எழுத்துக் கேள்விகள் 4, 100 நிமிடம், மீதிப் பாதி. இந்த நான்கும் சம மதிப்பு கொண்டவை, ஒவ்வொன்றும் 12.5 சதவீதம். ஆனால் முதல் கேள்விக்கு 3 மார்க், அடுத்த இரண்டுக்கும் நான்கு நான்கு, எஸ்ஸேக்கு 6. இதனால் முதல் கேள்வியின் ஒரு மார்க் மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் மேல் போகிறது. எஸ்ஸேயின் ஒரு மார்க் 2 சதவீதம்தான். மல்டிபிள் சாய்ஸில் ஒரு கேள்வி 1 சதவீதம்கூட இல்லை. உங்கள் கவலையெல்லாம் எஸ்ஸேயில் இருக்கிறது. எஸ்ஸேயைக் கழித்தால் மற்ற மூன்று கேள்விகளிலும் சேர்த்து மகன் வாங்கியது 11க்கு 4. அங்கேதான் இழப்பு பெரிது, மீட்பதும் சுலபம். முதல் மூன்று வாரத்தை அதற்கே கொடுங்கள்.

அந்தக் கேள்விகளில் ஏ, பி, சி என்று சிறு பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்கும். 'ஐடென்டிஃபை' என்றால் பெயரைச் சொன்னால் போதும். 'டிஸ்கிரைப்' என்றால் அது என்ன, அதன் தன்மை என்ன என்று ஒரு முழு வாக்கியமாவது வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் ஒன்று இன்னொன்றுக்கு எப்படிக் காரணமாகிறது என்று காட்டவேண்டும். மகன் மூன்றுக்கும் ஒரே மாதிரி பதில் எழுதுகிறார் என்பது டீச்சரின் குறிப்பிலிருந்தே தெரிகிறது.

முதல் கேள்வி ஒரு சிறு செய்தியைக் கொடுத்துத் தொடங்கும். சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தொழிற்சாலைப் புகைக்குப் புதிய விதி கொண்டுவருகிறது, காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) பலர் எதிர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காங்கிரஸ் எடுக்கக்கூடிய ஒரு நடவடிக்கையை டிஸ்கிரைப் செய் என்பது ஏ பிரிவு. 'காங்கிரஸுக்கு மேற்பார்வை அதிகாரம் உண்டு' என்று எழுதினால் பூஜ்யம். அது பாடப்புத்தகத் தலைப்பு. நடவடிக்கை எதுவும் அதில் இல்லை. 'அடுத்த ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டில், இந்த விதியை அமல்படுத்தப் பணம் செலவிடக்கூடாது என்று காங்கிரஸ் நிபந்தனை போடலாம்' என்றால் மார்க் வந்துவிடும். அடுத்த பிரிவு, அந்த நடவடிக்கையை அதிபர் எப்படித் தடுக்கலாம் என்று எக்ஸ்பிளெய்ன் செய்யச் சொல்லலாம். 'வீட்டோ செய்யலாம்' என்பதோடு நிறுத்தினால் மறுபடி பூஜ்யம். 'வீட்டோ செய்தால் அதை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கட்சிகள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருக்கும்போது அது கிடைப்பது அரிது. ஆகவே நிபந்தனை சட்டமாகாமல் நின்றுபோகும்' என்று கடைசிக் கண்ணிவரை கொண்டுபோகவேண்டும். நீளம் கூடியது இரண்டே வாக்கியம்தான்.

பதில் கொடுத்த செய்தியைத் தொடவேண்டும் என்பதும் முக்கியம். இபிஏ, புகை விதி என்ற சொற்களே வராத பதில், எவ்வளவு சரியாக இருந்தாலும், பெரும்பாலும் மார்க் வாங்காது.

இரண்டாவது கேள்வி புள்ளிவிவரம். வரைபடமோ அட்டவணையோ இருக்கும். இங்கே போகும் மார்க் பெரும்பாலும் அவசரத்தால் போவது. அச்சில் உள்ள அளவு என்ன, சதவீதம் யாரில் சதவீதம் (வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களிலா, பதிவு செய்தவர்களிலா) என்று முதல் ஒரு நிமிடம் தலைப்பையும் அடிக்குறிப்பையும் படிக்கட்டும். 40 சதவீதம் 50 சதவீதம் ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. 10 சதவீத உயர்வு என்று எழுதினால் தவறு. 'டிரெண்ட்' கேட்டால் காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்று சொல்லவேண்டும். ஒரு ஆண்டின் எண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதாது. கடைசிப் பிரிவு இந்த எண்களை ஓர் அரசியல் கோட்பாட்டோடு இணைக்கச் சொல்லும். அங்கே மறுபடியும் 'எக்ஸ்பிளெய்ன்' விதிதான்.

மூன்றாவது கேள்விதான் உச்ச நீதிமன்ற வழக்கு ஒப்பீடு. வழக்குகள் மனப்பாடம் என்கிறீர்கள், ஆனால் எதை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பதைப் பார்க்கவேண்டும். பாடத்திட்டத்தில் கட்டாய வழக்குகள் 14. பழைய கையேடு வைத்திருந்தால் அதில் 15 இருக்கும். 2022இல் கருக்கலைப்பு பற்றிய டாப்ஸ் தீர்ப்பு வந்து ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்துசெய்தபிறகு, ரோ பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. கட்டாய வழக்கு ஒன்றையும், பட்டியலில் இல்லாத வழக்கு ஒன்றையும் ஒப்பிடச் சொல்வார்கள். பட்டியலில் இல்லாததைப் பற்றித் தேவையான விவரத்தைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். கட்டாய வழக்கைப் பற்றி ஒரு வரிகூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கேள்வியில் மோர்ஸ் எதிர் ஃபிரெடெரிக் (2007) வந்திருக்கிறது. அலாஸ்காவின் ஜூனோ நகரில் ஒலிம்பிக் தீபம் கடந்துபோவதைப் பார்க்கப் பள்ளி மாணவர்களை வெளியே விட்டது. ஒரு மாணவர் போதைப்பொருளை ஆதரிப்பதுபோல் தோன்றும் வாசகத்தைப் பெரிய பேனராகப் பிடித்தார். தலைமை ஆசிரியர் அதைப் பறித்து மாணவரை இடைநீக்கம் செய்தார். நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. இதை டிங்கர் எதிர் டி மோயின் (1969) வழக்கோடு ஒப்பிடவேண்டும்.

ஏ பிரிவு: இரண்டுக்கும் பொதுவான அரசியலமைப்புப் பிரிவு எது? 'முதல் திருத்தம்' என்று மட்டும் எழுதுவது ஆபத்து. முதல் திருத்தத்தில் மதம், பேச்சு, பத்திரிகை, கூட்டம், மனு எல்லாம் இருக்கின்றன. 'முதல் திருத்தத்தின் பேச்சுரிமைப் பிரிவு' என்று குறிப்பாகச் சொல்லவேண்டும்.

பி பிரிவு: உண்மைகளில் உள்ள வேறுபாடு எப்படி வேறு தீர்ப்புக்கு இட்டுச் சென்றது? இதற்கு இரண்டு மார்க். டிங்கரில் என்ன நடந்தது என்பதற்கு ஒன்று, இரண்டையும் இணைப்பதற்கு ஒன்று. இப்படி எழுதலாம் (தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறார், பொருள் விளங்க இங்கே தமிழில்): 'டிங்கரில் மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்தார்கள், அது அமைதியான அரசியல் கருத்து, வகுப்பை அது கணிசமாகக் குலைக்கவில்லை என்பதால் நீதிமன்றம் அதைப் பாதுகாத்தது. மோர்ஸில் பேனர் சட்டவிரோதப் போதைப்பொருளை ஊக்குவிப்பதாகப் பள்ளி நியாயமாகவே கருதமுடிந்தது, பள்ளியின் மேற்பார்வையில் நடந்த நிகழ்வு அது. மாணவர்களைப் போதையிலிருந்து காக்கும் பொறுப்பு பள்ளிக்கு இருப்பதால் அந்தப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது.' மகனுடைய பழைய விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். 'டிங்கர், 1969, 7க்கு 2' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் இங்கே மார்க் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு அட்டை. அதில் நான்கே விஷயம்: யார் யாரை என்ன செய்தார்கள், எந்தப் பிரிவு, தீர்ப்பு என்ன, ஏன் அந்தத் தீர்ப்பு. நான்காவதுதான் மார்க் தரும் வரி. பெரும்பாலான பிள்ளைகள் அதைத்தான் எழுதாமல் விடுகிறார்கள்.

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஜோடிகள் சில உண்டு. எங்கல் (1962), யோடர் (1972) இரண்டும் மத வழக்கு. நியூயார்க் பள்ளிகளில் அரசே எழுதிக்கொடுத்த பிரார்த்தனை பற்றியது எங்கல். அரசு மதத்தை நிறுவக்கூடாது என்ற பிரிவு. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெற்றோர் பற்றியது யோடர். மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றும் பிரிவு. பேக்கர், ஷா இரண்டும் தொகுதி வழக்கு. டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு தொகுதிகளைத் திருத்தி வரையாததால் மக்கள்தொகை ஏற்றத்தாழ்வு வந்தது, அது நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய விஷயம்தான் என்றது பேக்கர் (1962). இனத்தை முதன்மையாக வைத்து வட கரோலினாவில் வரைந்த விநோத வடிவத் தொகுதி பற்றியது ஷா (1993). லோப்பஸ் (1995) வழக்கில் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தார்கள் என்பதால் அதை இரண்டாம் திருத்த (ஆயுதம் வைத்திருக்கும் உரிமை) வழக்கு என்று எழுதுபவர்கள் ஏராளம். அது வணிகப் பிரிவு வழக்கு: பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது, காங்கிரஸ் எல்லை மீறிவிட்டது என்பதுதான் தீர்ப்பு. இரண்டாம் திருத்தம் வேண்டுமானால் மெக்டொனால்ட் (2010). சிட்டிசன்ஸ் யுனைடெட் (2010) பற்றி 'கம்பெனிகள் வேட்பாளருக்கு எவ்வளவு பணமும் கொடுக்கலாம்' என்று எழுதுவதும் தவறு. வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் செலவுக்குத்தான் அந்தத் தீர்ப்பு வழி திறந்தது. நேரடி நன்கொடைத் தடை அப்படியே இருக்கிறது.

இனி எஸ்ஸே. 6 மார்க் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால் 2 ஏன் வந்தது என்று புரியும். தீசிஸுக்கு (எடுக்கும் நிலைப்பாடும் அதன் காரணமும்) 1, சான்றுகளுக்கு 3, காரணம் காட்டுவதற்கு 1, எதிர்க்கருத்துக்குப் பதில் சொல்வதற்கு 1. தீசிஸ் மார்க் கிடைக்கவில்லையென்றால் சான்றுக்கு ஒரு மார்க்குக்கு மேல் ஏறாது. முன்னுரைக்கு மார்க் இல்லை, முடிவுரைக்கும் இல்லை. நாட்டின் வரலாற்றில் தொடங்கி ஒரு பத்தி எழுதும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடட்டும்.

மக்களின் உரிமையை நன்றாகக் காப்பது மத்திய அரசா, மாநில அரசுகளா என்பது கேள்வி. அரசியலமைப்பு, அதை ஆதரித்து அக்காலத்தில் எழுதிய கட்டுரையான ஃபெடரலிஸ்ட் 10, எதிர்த்து எழுதிய புரூட்டஸ் 1 ஆகிய ஆவணங்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். 'இரண்டுக்கும் நன்மை தீமை உண்டு' என்பது தீசிஸ் ஆகாது. 'மத்திய அரசே நன்றாகக் காக்கிறது' என்பது பாதி; பக்கம் எடுத்தாகிவிட்டது, காரணம் இல்லை. 'மாநிலத்துக்குள் ஒரு பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கும்போது அந்தப் பெரும்பான்மைக்குக் கட்டுப்படாத ஓர் அதிகாரத்தால்தான் தடுக்கமுடியும் என்பதால், மத்திய அரசே உரிமைகளை நன்றாகக் காக்கிறது' என்பது முழுத் தீசிஸ்.

முதல் சான்று ஃபெடரலிஸ்ட் 10: பெரிய குடியரசில் பல குழுக்கள் இருப்பதால் ஒரு குழு மட்டும் பெரும்பான்மையாகி மற்றவர்களை ஒடுக்குவது கடினம் என்பது அதை எழுதிய மாடிசனின் வாதம். இதைச் சொன்னபின் 'ஆகவே' என்று ஒரு வரி சேர்த்து தீசிஸோடு கட்டவேண்டும்: சிறிய மாநிலத்தில் ஒரே குழு ஆட்சியைப் பிடிப்பது எளிது, அதனால் அங்கே உரிமை பறிபோகும் வாய்ப்பு கூடுதல். காரணத்துக்கான அந்த ஒரு மார்க் இந்த வரியில் இருக்கிறது. இரண்டாவது சான்று வேறு இடத்திலிருந்து வரவேண்டும். 14ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவும், அதை வைத்துப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற பிரவுன் தீர்ப்பும் (1954), 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் ஆளுநர் கறுப்பின மாணவர்களைத் தடுத்தபோது அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பியதும் பொருத்தமாக இருக்கும்.

எதிர்க்கருத்துக்கு 'சிலர் இதை ஏற்கமாட்டார்கள்' என்ற ஒற்றை வரி போதாது. புரூட்டஸின் அச்சத்தைச் சொல்லவேண்டும்: 'தேவையான, உகந்த' சட்டங்கள் இயற்றும் பிரிவும், மத்தியச் சட்டமே மேலானது என்ற பிரிவும் சேர்ந்து மாநிலங்களை விழுங்கிவிடும் என்றார் அவர். பிறகு பதில்: 10ஆம் திருத்தம் மீதமுள்ள அதிகாரங்களை மாநிலங்களுக்கு ஒதுக்குகிறது, லோப்பஸ் வழக்கில் நீதிமன்றமே காங்கிரஸின் கையைப் பிடித்தது, எனவே அந்த அச்சத்துக்கு அரசியலமைப்பிலேயே தடுப்பு இருக்கிறது. இவ்வளவையும் நான்கு சிறு பத்திகளில் அடக்கிவிடலாம்.

அடிப்படை ஆவணங்கள் மொத்தம் 9. அவற்றில் ஃபெடரலிஸ்ட் 10, 51 இரண்டையும் குழப்பாமல் இருக்கவேண்டும்: 10 குழுக்களையும் பெரிய குடியரசையும் பற்றியது, 51 அரசின் கிளைகள் ஒன்றையொன்று தடுப்பதைப் பற்றியது. 70 ஒற்றை நபர் தலைமையின் வேகம், 78 வாழ்நாள் பதவி கொண்ட சுதந்திர நீதித்துறை. இந்த அளவு தெளிவாக இருந்தால் எஸ்ஸேக்குப் போதும்.

ஒன்பதாம் வகுப்பு வரை இந்தியக் குடிமையியல் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதை இங்கேயே பிறந்து படித்த பிள்ளைகளின் ஆசிரியர்கள் கவனிக்காமல் போகலாம். மகன் அறியாமலே இந்திய அமைப்பை அமெரிக்காவின்மேல் ஏற்றிவிடுவார். இந்தியாவில் ஆளுநரை மத்திய அரசு நியமிக்கிறது. இங்கே மாநில மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிபரால் அவரை நீக்கவும் முடியாது, மாநில அரசைக் கலைக்கவும் முடியாது. இந்தியாவில் எஞ்சிய அதிகாரம் மத்திக்கு, இங்கே மாநிலங்களுக்கு. இந்தியாவில் அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும்; இங்கே இரண்டு பதவியும் ஒருவருக்கு ஆகாது, 2009இல் வெளியுறவு அமைச்சரானபோது ஹிலரி கிளிண்டன் செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார். கட்சிக் கொறடாவை மீறினால் பதவி போகும் கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே கிடையாது. 2017இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை ரத்துசெய்யக் குடியரசுக் கட்சி கொண்டுவந்த மசோதாவை, அதே கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெயின் எதிர்த்து வாக்களிக்க, அது 49க்கு 51 என்று தோற்றது. 'கட்சி பெரும்பான்மையில் இருப்பதால் அதிபர் நினைத்தது நிறைவேறும்' என்று எழுதும் மாணவரின் மனதில் லோக்சபாதான் இருக்கிறது.

இம்பீச்மென்ட்டை நம்பிக்கையில்லாத் தீர்மானம்போல் எழுதுவதும் இதே வகை. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றஞ்சாட்டும், அவ்வளவுதான் இம்பீச்மென்ட். நீக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதிபர்களில் ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளிண்டன், டிரம்ப் (இரண்டு முறை) இம்பீச் ஆனார்கள், ஒருவரும் நீக்கப்படவில்லை. மத்திய அரசு மாநிலத்துக்கு நேரடியாக உத்தரவிடும் என்ற எண்ணத்தையும் திருத்தவேண்டும். குடிக்கும் வயது 21 ஆனது எப்படி என்பதை அவர் படிக்கட்டும்: 1984இல் காங்கிரஸ் மாநிலங்களுக்கு ஆணையிடவில்லை, 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்துவோம் என்றது. கூட்டாட்சிக் கேள்வி எதற்கும் கைகொடுக்கும் உதாரணம் இது.

எட்டு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் மூன்று வாரம் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஒரு சிறு கேள்வி, கடிகாரம் வைத்து 20 நிமிடம். நான்காம் வாரத்திலிருந்து சனிக்கிழமை ஒரு எஸ்ஸே, 40 நிமிடம். கடைசி இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு, 80 நிமிடமும் 100 நிமிடமும் ஒரே நாளில். பழைய கேள்விகளை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மதிப்பெண் வழிகாட்டியும் மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும் கூடவே கிடைக்கும். 2019க்கு முந்தைய தாள்கள் வேண்டாம், அவை பழைய வடிவம். பாடம் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் பெரும்பகுதி இரண்டாம் யூனிட்டுக்கும் (காங்கிரஸ், அதிபர், அதிகாரவர்க்கம், நீதிமன்றம்) ஐந்தாம் யூனிட்டுக்கும் (தேர்தல், கட்சி, ஊடகம்) போகட்டும். மல்டிபிள் சாய்ஸில் இரண்டாவதற்கு 25 முதல் 36 சதவீதம், ஐந்தாவதற்கு 20 முதல் 27 சதவீதம்.

எழுதியபின் அவரே வழிகாட்டியை வைத்து மார்க் போடவேண்டும். இழந்த மார்க்குக்கு உரிய ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும். முழு விடையையும் மறுபடி எழுதுவது நேர விரயம்.

நீங்கள் செய்யக்கூடியது இங்கேதான். பாடம் தெரியாதவராக இருப்பது இதற்கு நல்லதே. அவர் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கேட்ட பிரிவுக்கு முதல் வாக்கியத்திலேயே பதில் இருக்கிறதா? 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பின்னால் புதிய காரணம் வருகிறதா, முன்னால் சொன்னதே திரும்ப வருகிறதா? கேள்வியில் கொடுத்த செய்தியின் பெயர்கள் விடையில் இருக்கின்றனவா? 'இதனால் எப்படி அது நடக்கும்?' என்று உங்களுக்கு எங்கே சந்தேகம் வருகிறதோ, அந்த இடத்தில்தான் டீச்சர் 'விளக்கவில்லை' என்று குறித்திருப்பார்.

தேர்வு இப்போது புளூபுக் செயலியில் கணினியில் நடக்கிறது. பயிற்சியையும் தட்டச்சில்தான் செய்யவேண்டும். நோட்டில் எழுதிப் பழகினால் நேரக் கணக்கு பொய்யாகிவிடும். தவறான விடைக்கு மார்க் குறைப்பது இல்லை, எனவே மல்டிபிள் சாய்ஸில் ஒன்றையும் காலியாக விடக்கூடாது. எழுத்துப் பகுதியில் நான்கு கேள்விகளுக்குள்ளும் முன்னும் பின்னும் போய்வரலாம். முதல் மூன்றை வரிசையாக 55 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, எஸ்ஸேக்கு 40 நிமிடம் எடுத்துக்கொண்டு, மிஞ்சும் 5 நிமிடத்தில் ஒவ்வொரு 'எக்ஸ்பிளெய்ன்' பிரிவையும் மட்டும் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.